உப்பைவிட மலிவான உரம்

யூரியா மூட்டையில் அச்சிட்ட விலை 266 ரூபாய் 50 காசு. எடை 45 கிலோ. கிலோ ஆறு ரூபாய்கூட ஆகவில்லை. அதே கடைத்தெருவில் நாலு கடை தள்ளி, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அந்த விலைக்குக் கேட்டால் மளிகைக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். உப்பு, பாத்தியில் கடல்நீரைத் தேக்கி வெயிலில் விட்டால் விளைவது. யூரியா அப்படி வருவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து ஹைட்ரஜனோடு சேர்க்க 400 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயு வேண்டும், அதில் பெரும்பகுதி நமக்குக் கப்பலில் வருகிறது. இத்தனையும் தாண்டி வந்த பொருள் உப்பைவிட மலிவு என்றால் அந்த விலையைச் சந்தை வைக்கவில்லை, தில்லி வைத்தது. 2012 நவம்பரில் டன் 5,360 ரூபாய் என்று வைத்தார்கள். வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கும் வரிக்கும் சில ரூபாய் கூடியதைத் தவிர அது அசையவில்லை. 2018-ல் மூட்டைதான் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக இளைத்தது.

நிலமும் நீரும் காற்றும் கெடாமல் ஒரு நாட்டுக்குச் சோறு போடுவது எப்படி என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் விவசாயியின் விழிப்புணர்வில் போய் முடிகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. விவசாயிக்கு விழிப்புணர்வு இருக்கிறது, கணக்கும் தெரியும். அவர் வயலில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை அரசின் கையிலுள்ள மூன்று நான்கு கருவிகள்: எதற்கு மானியம், எதற்கு வரி, எதற்குத் தடை, எதை அரசே வாங்குகிறது. 2021-ல் ஐ.நா.வின் மூன்று அமைப்புகள் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. உலக நாடுகள் விவசாயத்துக்குத் தரும் ஆதரவு ஆண்டுக்கு சுமார் 54,000 கோடி டாலர். அதில் 87 சதவீதம் விலையைக் கோணலாக்குவதாகவோ, சுற்றுச்சூழலுக்கோ சமூகத்துக்கோ கேடு செய்வதாகவோ இருக்கிறது. பணம் இல்லாமல் இல்லை. போகும் வாய்க்கால்தான் வேறு.

அந்த வாய்க்காலை வெட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1965, 66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துத்தான் நாடு உலை வைத்தது. உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். புதிய குட்டை ரக விதை, உரம், நியாய விலை, அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஓர் அரசு நிறுவனம் என்று நான்கையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. பசிக்காகச் செய்த கருவி, பசியை வென்றது. சிக்கல், வென்ற பிறகும் திருகாணியை யாரும் திருப்பவில்லை என்பதுதான்.

இனி அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். மேலுரமாக யூரியா தூவிய மறுநாள் வயல் வரப்பில் நின்றால் மூக்கில் ஏறும் ஒரு நெடி உண்டு. அது அம்மோனியா. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி, யூரியாவைச் சில நாட்களுக்குள் உடைத்துவிடுகிறது. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதியை மண் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, அது தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. இன்னொரு பகுதி, காற்றுப் புகாத சேற்றில் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் கிளம்பிவிடுகிறது. இந்த நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோவுக்கு 273 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். நெற்பயிர் தன் பங்காக எடுத்துக்கொள்வது போட்டதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, நன்றாகப் போனால் கொஞ்சம் கூட. மூன்று மூட்டை போட்டவர் இரண்டைக் காற்றுக்கும் கிணற்றுக்கும் தானம் செய்கிறார்.

மூட்டை 2,000 ரூபாய் என்றால் யாரும் இப்படித் தானம் செய்ய மாட்டார்கள். மானியத்தை எடுத்தால் விலை அந்த அளவுக்குத்தான் போகும்.

விலை எவ்வளவு சக்தி வாய்ந்த கருவி என்பதை நாடு தெரியாமலே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2010 ஏப்ரலில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கான மானிய முறையை மாற்றி, அவற்றின் விலையைச் சந்தையோடு ஏறி இறங்க விட்டார்கள். யூரியாவை மட்டும் தொடவில்லை. அரசியல் துணிச்சல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மணிச்சத்து தரும் டி.ஏ.பி.யும் சாம்பல் சத்து தரும் பொட்டாஷும் விலை ஏறின, யூரியா அங்கேயே நின்றது. யூரியா தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தழை, மணி, சாம்பல் சத்துகள் 4:2:1 என்று இருந்தால் நல்லது என்பது பொதுக்கணக்கு. 2009-10-ல் நாடு 4.3:2:1 என்று கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. 2012-13-ல் 8.2:3.2:1. மூன்றே ஆண்டில் கோடிக்கணக்கான விவசாயிகள், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே திசையில் திரும்பினார்கள். எந்த விழிப்புணர்வு முகாமும் இவ்வளவு வேகமாக யாரையும் திருப்பியதில்லை. தழைச்சத்து மிஞ்சிய பயிர் கரும்பச்சையாகக் கண்ணுக்கு அழகாக இருக்கும். புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்த அழகைத் தேடித்தான் வருகின்றன. பிறகு மருந்துக் கடைக்கும் ஒரு நடை.

சிறு திருத்தங்கள் நடக்கத்தான் செய்கின்றன. 2015-லிருந்து யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். வேம்பிலுள்ள கசப்புப் பொருட்கள் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும். நம் ஊரில் இது புதிதில்லை. யூரியாவையும் ஜிப்சத்தையும் வேப்பம் புண்ணாக்கையும் 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து காலையில் போடச் சொல்வது வேளாண் துறையின் நெடுநாள் பரிந்துரை. 2023-ல் வந்த பி.எம். பிரணாம் திட்டம் இன்னும் சுவாரசியமானது. ஒரு மாநிலம் ரசாயன உரத்தைக் குறைத்தால், மிச்சமாகும் மானியத்தில் பாதியை மத்திய அரசு அந்த மாநிலத்துக்கே தரும். யோசனை நல்லது. ஆனால் பரிசு மாநிலத்துக்குப் போகிறது, மூட்டையைத் தூக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கூட்டுறவு சங்க வாசலில் கைரேகை வைத்து உரம் வாங்க வரிசையில் நிற்கிறார். அவர் கண்ணில் படுவது 266 ரூபாய் 50 காசு மட்டுமே.

தண்ணீரிலும் இதே கதைதான். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அங்கே அழுகும் தாளையும் வேரையும் தின்று மீத்தேனை விடுகின்றன. நெல்லின் தண்டுக்குள் வேருக்குக் காற்று கொண்டுபோக ஒரு குழாய் அமைப்பு உண்டு. மீத்தேன் அதே குழாய் வழியாக மேலே வந்துவிடும். பார்க்கப் பயிர், வேலையில் புகைபோக்கி.

இதற்கு மருந்தை நம் விவசாயிகள் முன்பே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் பாதி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியும். தரை மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கும்வரை பயிருக்கு ஒரு குறையும் இல்லை. அதன்பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும், தண்ணீரும் கணிசமாக மிஞ்சும், மகசூல் பொதுவாகக் குறையாது. குழாயின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

பின்னே ஏன் வயலுக்கு வயல் குழாய் இல்லை? பம்ப்செட் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் பாசன மின்சாரம் இலவசம். நள்ளிரவில் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். எழுந்து போய் நிறுத்தினால் அவருக்கு ஒரு பைசாவும் மிஞ்சாது, தூக்கம்தான் கெடும். வாய்க்கால் பாசனக்காரருக்கு வேறு கவலை. கடைமடையில் இருப்பவர் வந்த தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். காயவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்று அவருக்கு யார் உறுதி தருவது? குழாயை இலவசமாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. முறை தவறாமல் தண்ணீர் விடுவதுதான் இந்த இடத்தில் உண்மையான கொள்கைக் கருவி, அது பாசன அதிகாரிகளின் கையில் இருக்கிறது. பம்ப்செட் விஷயத்தில் பஞ்சாப் 2018-ல் ஒரு வழி கண்டது. இலவசத்தை நிறுத்தவில்லை. இவ்வளவு யூனிட் உனக்கு என்று அளந்து, அதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. இலவச மின்சாரத்தைத் தொட்டாலே கொந்தளிக்கும் நம் ஊர் அரசியலிலும் செல்லக்கூடிய நாணயம் இது.

அதே பஞ்சாப் சட்டத்தைக் கையில் எடுத்தபோது நடந்தது வேறு. 2009-ல் நிலத்தடி நீர் பாதுகாப்புச் சட்டம் வந்தது: ஜூன் 10-க்கு முன் யாரும் நாற்று நடக் கூடாது. கொதிக்கும் மே மாதத்தில் தண்ணீர் ஆவியாவதைத் தடுத்து, மழையோடு நடவைச் சேர்ப்பது நோக்கம். பின்னர் தேதி இன்னும் தள்ளிப்போனது. அறிவியல் சரியான யோசனைதான். நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இருந்த அவகாசம் இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கியது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாளை அதற்குள் அகற்ற ஒரே வழி தீக்குச்சி. எரிப்பு நவம்பருக்கு நகர்ந்தது. அப்போது காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு படியும். புகை தில்லியின் மேல் மூடியாக உட்கார்ந்தது. கிணற்றைக் காப்பாற்றப் போட்ட சட்டம் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குழந்தையின் நுரையீரலில் வரவு வைக்கப்பட்டது. அரசு நெல்லையும் கோதுமையையும் மட்டும் உறுதியாக வாங்கிக்கொண்டிருக்கும்வரை அங்கே நெல் குறையாது. தேதிதான் நகரும்.

தடையின் முழு வடிவத்தைப் பார்க்க இலங்கைக்குப் போக வேண்டும். 1962-லிருந்து அங்கே உர மானியம் உண்டு. 2005-க்குப் பிறகு நெல்லுக்கான 50 கிலோப் பசளைப் பை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2019 அதிபர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச தந்த வாக்குறுதி, பத்தாண்டில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவது. 2021 மே 6-ல் வந்த வர்த்தமானி அறிவித்தல் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு சிறு கணக்கு போதும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 50 கிலோப் பையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை சதவீதம் இருந்தால் அதிகம். ஒரு பை யூரியாவுக்கு ஈடுகட்டக் குறைந்தது ஒன்றரை டன் கூட்டெரு வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். அவ்வளவு எருவுக்குச் சாணமும் தழையும் எங்கே, ஏற்றி இறக்க வண்டி எங்கே, எத்தனை மாதம் மக்கவைப்பது? கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ வயல் செய்யும் எவரைக் கேட்டிருந்தாலும் கொழும்புக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருப்பார்கள். சீனாவிலிருந்து இயற்கை உரக் கப்பல் ஒன்று வந்தது. தீங்கான பாக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் அதற்கு 67 லட்சம் டாலரும் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடை விலகியது. முதன்மை நெல் பருவமான பெரும்போகம் அதற்குள் கைநழுவிவிட்டது. அந்தப் போகத்து நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. தேயிலையும் அடிபட்டது. மிச்சப்படுத்தப் பார்த்த டாலரில் அரிசி வாங்க வேண்டி வந்தது.

இதை வைத்து இயற்கை விவசாயத்தையே கேலி செய்பவர்கள் அவசரப்படுகிறார்கள். சிக்கிம் 2003-ல் முடிவெடுத்து, உர மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. பதின்மூன்று ஆண்டு. சட்டத்தடை அந்தப் பாதையின் கடைசிப் பகுதியில்தான் வந்தது. சிக்கிம் ஏற்கெனவே மிகக் குறைவாக உரம் போட்ட மலை மாநிலம், அரிசிக்கு வெளியூரை நம்பியிருப்பது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கருவிகளை எந்த வரிசையில் எடுத்தார்கள் என்பதில் பாடம் இருக்கிறது.

வரியைப் பற்றி இரண்டு வரி. மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை சில சதவீதம் குறைந்தது, வரி நிலைத்தது. டென்மார்க் 2011-ல் கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கினார்கள், பதினைந்து மாதத்தில் வரி போய்விட்டது.

எனக்குப் பிடித்த கருவி இந்த எல்லாவற்றையும்விட ஓசையில்லாதது: அரசு எதை வாங்குகிறது என்பது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நின்றால் போதும். களத்தில் நெல் குவிந்து கிடக்கும், மேலே தார்ப்பாய். எழுத்தர் ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பதம் பார்க்கும் மிஷினில் போடுவார். 17 சதவீதத்துக்குள் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள், 20 காட்டினால் மறுபடி காயப்போட வேண்டும், அன்று பார்த்து மழை வரும். எத்தனையோ சண்டை, எத்தனையோ கசப்பு. இருந்தும் டெல்டா விவசாயி நெல்லை விடுவதில்லை, 40 கிலோச் சிப்பத்துக்கு உறுதியான விலையில் பணம் வரும் இடம் இது என்பதால்தான். 22 பயிருக்கு மேல் மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. பெரும்பாலான பயிருக்கு அது செய்தித்தாளோடு முடிந்துவிடும். கொள்முதல் நிலையம் ஊருக்குள் வந்த பயிர்தான் வயலுக்குள்ளும் வரும்.

ஒடிசா 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் இதைப் புரிந்துகொண்டது. விதை கொடுத்ததோடு நிற்காமல் கேழ்வரகை அரசே வாங்கியது, வாங்கியதை ரேஷனிலும் அங்கன்வாடி உருண்டையிலும் சேர்த்தது. தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் சோதனை தொடங்கியது. கேழ்வரகின் ஆதரவு விலை 2012-13-ல் குவிண்டால் 1,500 ரூபாய், 2025-26-ல் 4,886 ரூபாய். நெல்லில் பாதித் தண்ணீர்கூடக் கேட்காத பயிர், யூரியாவுக்கும் அடம் பிடிக்காது. பிரேசில் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சட்டமே போட்டது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும் என்றது அந்த 2009 சட்டம். நான்கு கோடி மாணவர்களின் தட்டு, பக்கத்து ஊர்க் காய்கறிக்காரருக்குச் சந்தையாயிற்று.

நம்மிடம் தட்டுக்குப் பஞ்சமில்லை. 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை தரும் ரேஷன் முறையும் இருக்கிறது. அந்த ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் கொடுக்கிறோம். பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்து, கப்பலேறி வந்த எண்ணெய். பொள்ளாச்சித் தென்னை விவசாயிகள், விலை விழும்போதெல்லாம், அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று மனுக் கொடுக்கிறார்கள். கேழ்வரகைப்போல் நிலக்கடலையும் எள்ளும் மானாவாரியில் விளைபவை. அவற்றின் எண்ணெய் பாமாயிலைவிட விலை கூடுதல்தான், வித்தியாசத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். 2022-23-ல் உர மானியத்துக்கு மட்டும் நாடு செலவிட்டது இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்பதை இந்த யோசனைக்கான கோப்பில் குறிப்பு எழுதுபவர் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். மாநிலம் முழுக்க வேண்டாம். கடலை விளையும் ஒரே ஒரு மாவட்டத்தில், சத்துணவுக் கூடங்களில் மட்டும், மூன்று ஆண்டு கடலை எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு ஆடிப்பட்டத்தில் அந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் கடலை விதைத்தார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.